யோகநாதனின் முதுகு

யோகநாதன் பச்சை முட்டை குடிக்கிற சத்தம் எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். முட்டைக்கோதை வாயில் கவிழ்த்து ஒரு உறிஞ்சு. பிறகு தொண்டைக்குள் ஏதோ வழுக்கி இறங்குகிற சத்தம். அதற்குப் பிறகு நீளமாய் ஒரு ஏவறை. வெறுங்கோதை வேலிக்கு மேலால் எறிவான். அது எங்கள் கத்தரிப் பாத்திக்குள் வந்து விழும். உள்ளே மிஞ்சின வெள்ளைக்கருவில், வெயில் ஏற முன்னமே, எறும்பும் இலையானும் மொய்த்துவிடும்.

"கோதாரியிலை போவான், இண்டைக்கும் எறிஞ்சுபோட்டான்" என்று அம்மா தடியால் அதைத் தள்ளுவா. கையால் தொடமாட்டா.

தர்மபுரத்தில் எங்கள் காணிக்கும் அவன் காணிக்கும் இடையில் ஒரு கிளுவை வேலிதான். எங்களைப்போல அவனும் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தவன். ஊர் கைதடி. பெண்சாதி இராசேஸ்வரி. மெலிந்த உடம்பு, கதை குறைவு. மாமியார் கைதடியிலேயே இருந்துவிட்டா. அந்த நாளில் எங்கள் வாய்க்கால்கரை முழுக்க அப்படித்தான். இளம் குடும்பங்களுக்கென்று காணி கொடுத்தார்கள், இளம் குடும்பங்கள்தான் வந்தன. பத்தியம் சொல்லவோ, மகனைக் கூப்பிட்டு "அவளுக்கு இப்ப பாரம் தூக்கக் குடுக்காதை" என்று சொல்லவோ ஒரு வீட்டிலும் வயதுபோன பெண் இல்லை. அப்படியான சங்கதியைப் பெண்சாதி தன் வாயால் புருசனுக்குச் சொல்கிற வழக்கமும் எங்களுக்குள் இல்லை. அது மாமியார் சொல்கிற சங்கதி.

யோகநாதன் நல்ல வேலைக்காரன். அதையும் சொல்லத்தான் வேண்டும். நெல் மூட்டையை ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டால் போதும், வயலிலிருந்து சந்தி வரைக்கும் நிறுத்தாமல் நடப்பான். லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் வலத்தோளில்தான் வாங்குவார்கள். அப்படியே பழகிவிட்டது. அந்த வேலையில் ஊறினவர்களுக்கு முதுகின் வலப்பக்கம் திரண்டு இடப்பக்கம் சப்பையாய்க் கிடக்கும். சட்டை போட்டால் தெரியாது. சட்டை போடாவிட்டாலும் யாரும் பார்ப்பதில்லை.

தவராசாதான் பார்த்தான். அவன் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இளந்தாரிகளுக்குத் தேகப்பயிற்சி பழக்குகிறவன். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நெல் வாங்க வந்த லொறியோடு ஒருமுறை வந்தவன், யோகநாதன் மூட்டை ஏற்றுவதைக் கண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஆவணியில் பட்டினத்தில் கட்டழகர் போட்டி நடக்கப்போகிறது, வந்தால் வெல்லுவாய் என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். உடைந்த வண்டிலின் இரும்பு அச்சு வந்தது. வாய்க்கால் வேலையில் மிஞ்சின சீமெந்தை வாளியில் வார்த்து, நடுவில் துளை விட்டு எடுத்த கட்டிகள் வந்தன. கோழியிட்ட முட்டையெல்லாம் யோகநாதனின் வயிற்றுக்குள் போனது.

அடுத்தமுறை தவராசா வீட்டுக்கே வந்தான். முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "சேட்டைக் கழட்டு" என்றான்.

யோகநாதன் கழற்றினான்.

"கையை மடக்கு. ஆ! ராசா மாதிரி இருக்கிறாயடாப்பா. இனிப் பின்பக்கம் திரும்பு."

திரும்பினான். தவராசா கதிரையிலிருந்து எழும்பி ஒரு அடி கிட்ட வந்து பார்த்தான்.

"என்ன மாஸ்டர்?"

"ஆரோ ரண்டு பேரின்ரை முதுகைப் பிளந்து ஒட்டிவிட்ட மாதிரிக் கிடக்குது."

"விளங்கேல்லை மாஸ்டர்."

"வலப்பக்கம் எருமை, இடப்பக்கம் ஆடு. இப்ப விளங்குதோ? மேடையிலை முன்பக்கத்தை மட்டும் காட்டேலாது. திரும்பச் சொல்லுவாங்கள். எங்கை, அச்சைத் தூக்கு, பாப்பம்."

யோகநாதன் சீமெந்துக் கட்டிகளோடு அச்சைத் தூக்கினான். முகம் கறுத்தது.

"வை, வை. உது மூட்டை தூக்கிற தூக்கல். நடுமுதுகு கூனுது. ரண்டு காலையும் இடுப்பளவுக்கு அகட்டு. நெஞ்சை முன்னாலை தள்ளு. அச்சு முழங்காலை உரசிக்கொண்டு மேலை வரோணும். தோள்பட்டை ரண்டும் பின்னாலை ஒண்டையொண்டு தேடி வரோணும். உன்ரை வலங்கைக்கு அந்தரம், அது முந்தி வருகுது. வலம் இடத்துக்காகக் காத்து நிக்கோணும். இடம் எவ்வளவு இழுக்குதோ, அவ்வளவுதான் வலமும்."

"ஓம் மாஸ்டர்."

"இறக்கேக்கையும் ஆறுதலாய். பொத்தெண்டு போடாதை. பிறகு ஒரு கட்டியை எடுத்து, குனிஞ்சு நிண்டு, இடக்கையாலை தனிய இழு. இண்டையிலிருந்து ஒருபக்கப் பாரம் ஒண்டும் தொடப்படாது. மூட்டை இல்லை. குடம் இல்லை. விறகுக் கட்டு இல்லை."

தேத்தண்ணியோடு வந்து நின்ற இராசேஸ்வரி, "அப்ப அதுகளை ஆர் தூக்கிறது?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பகிடி விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னுமொண்டு" என்றான் தவராசா. "உன்ரை முதுகு உனக்குத் தெரியாது. பின்னாலை நிண்டு பாத்து, எந்தத் தோள் ஏறுது, எந்தத் தோள் இறங்குது எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்."

"பெடியளுக்குக் காட்டமாட்டன் மாஸ்டர். நாவூறு பட்டுப்போம். மனிசி பாப்பாள்."

"பாப்பியளோ தங்கச்சி?"

இராசேஸ்வரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பாப்பாள், பாப்பாள்" என்றான் யோகநாதன்.

அதன்பிறகு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடுகுமறைப்பு எழும்பியது. பின்னேரத்தில் அதற்குள்ளிருந்து ஊளைமூச்சு வரும். கட்டி நிலத்தில் இடிபடும். அவன் வயலுக்குப் போவதும் ஒரு கூத்தாகிவிட்டது. மண்வெட்டியைக் கொஞ்சம் வலப்பிடி பிடித்து வெட்டுவான், பிறகு கையை மாற்றி இடப்பிடி. அவன் கட்டின வரம்பு பாம்பு போனமாதிரி வளைந்து கிடந்தது. "வரம்பிலை தண்ணி நிக்குதோ எண்டு பாக்காதேங்கோ, யோகநாதன்ரை வலமும் இடமும் சமனோ எண்டு பாருங்கோ" என்று சந்தியில் பகிடி. நீர் உடைத்துப் போனதை யார் அடைத்தது? அவள்தான். குடத்தில் தண்ணீர் அள்ளியதும், புல்லுக் கட்டுச் சுமந்ததும், விறகு முறித்ததும் அவள்தான். எல்லாம் ஒருபக்கப் பாரம்.

இதெல்லாம் பெரிதில்லை. பன்றிக் கொழுப்பு வந்ததுதான் பெரிது.

மாங்குளக் காட்டுக்கு வேட்டைக்குப் போகிற கதிர்காமநாதன் என்று ஒருவன். காட்டுப்பன்றிக் கொழுப்பை உருக்கிப் பூசினால் மெலிந்த இடம் திரளும் என்று யாரோ அவனுக்குச் சொல்ல, அவன் ஒரு போத்தல் நிரப்பி யோகநாதனுக்குக் கொடுத்துவிட்டான். அதை இடப்பக்கத்தில் மட்டும் பூச வேண்டுமாம். பூசுகிறது இராசேஸ்வரி. அது சோளகக் காற்று அடிக்கிற காலம். செம்மண் புழுதியும், காய்ந்த சாணியும், அந்தக் கொழுப்பின் ஊத்தை நாற்றமும் சேர்ந்து எங்கள் வீட்டுக்குள் வந்து சோற்றுக்கு மேல் இருக்கும். ஐயா ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டார். யோகநாதன் றோட்டால் போனால் நாய்கள் பின்னால் போகும். சந்தி மரவாங்கில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாய் பின்னால் வந்து அவன் இடமுதுகை நக்கியதை நான் கண்டேன். அவன் விலகவில்லை. இராசேஸ்வரி என்று நினைத்திருப்பான்.

பொதுக்கிணறு எங்கள் ஒழுங்கையிலிருந்து தூரம். அம்மாவும் இராசேஸ்வரியும் சேர்ந்துதான் போவார்கள், குடத்தோடு நானும். ஒருநாள் பாதிவழியில் இராசேஸ்வரி குடத்தை இறக்கிவிட்டு, எருக்கம்பற்றைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஓங்காளித்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

அம்மா அவளுடைய முதுகைத் தடவினா. "எத்தினையாம் மாசம், பிள்ளை?"

"ஒண்டுமில்லை அக்கா. உந்த நாத்தம்."

"எனக்குப் பேக்காட்டாதை. கண்ணுக்குக் கீழை கறுத்துப்போய்க் கிடக்குது. எத்தினை?"

"நாலு."

"அவனுக்குத் தெரியுமோ?"

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "சொல்லாதேங்கோ அக்கா. போனமுறை ரண்டாம் மாசமே கிணத்தடிப் பொம்பிளையளுக்கெல்லாம் சொல்லிப்போட்டன். பிறகு விதைநெல் ஊறப்போட்ட சாக்கோடை வரம்பிலை வழுக்கி விழுந்து..."

"தெரியும் பிள்ளை. நான்தானே துணியெல்லாம் தோச்சனான்."

"மாமி தைப்பொங்கலுக்கு வாறன் எண்டவா. வந்து அவா சொல்லட்டும்."

"பொங்கலுக்கு உன்ரை பிள்ளை தானே வந்து சொல்லும்! அதுவரைக்கும் குடம் தூக்கப் போறியோ? நான் சொல்லுறன் அவனிட்டை."

"வேண்டாம். வாயாலை சொன்னால் போயிடும். இது எனக்கு வேணும் அக்கா."

அவள் அப்படி ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை. உப்புக்குக்கூட வேலியடியில் வந்து நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பாள்.

அம்மா அவளுடைய குடத்தையும் தன் மற்ற இடுப்பில் வைத்தா. கொஞ்சத் தூரம் போனதும், "எப்பிடியடி அதைப் பூசிறாய்?" என்று கேட்டா.

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பூசுவன். பிறகு பின்னாலை நிண்டு கண்ணை மூடியிடுவன். பாத்தால் சத்தி வருது. தோல் மினுங்குது, இலையான் இருக்குது, வேர்வை அந்தக் கொழுப்பிலை உருண்டு நிக்குது. 'சமனோ?' எண்டு கேப்பர். 'சமன்' எண்டுவன்."

"ஒருநாளும் பாக்கிறேல்லையோ?"

"முதல்நாள் பாத்தனான். அதுவே காணும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்துத் தண்ணீர் தளும்பி என் காலில் ஊற்றியது. இராசேஸ்வரி சிரிக்கவில்லை.

அம்மா வந்த கோபத்தில் எங்கள் தண்ணீரிலேயே பாதியை அவளுக்குக் கொடுக்கத் தொடங்கினா. அதற்கும் யோகநாதன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விமலேஸ்வரியக்கா, எங்கடையாள் நல்லாய்ப் பஞ்சிப்படுறாள் என்ன? தண்ணிக்கும் உங்களைப் பிடிச்சிட்டாளோ?" என்றான்.

"தம்பி, நீர் முட்டைக்கோதை அங்காலை எறியும்" என்றா அம்மா. நாக்கைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் வந்து அடுப்பைப் போட்டுக் குத்தினா.

ஆவணி பிறந்தது. போட்டிக்கு யோகநாதனோடு துணைக்குப் போனது ஐயா. போக விருப்பமில்லை, ஆனால் பட்டினத்தில் உழவுக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. பரந்தனில் ரயில் ஏறுமட்டும் யோகநாதன் பெட்டியைத் தூக்கவில்லையாம், ஐயாதான் தூக்கினாராம். திரும்பி வந்து பொதுக்கிணற்றடியில் நின்று ஐயா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"மண்டபம் முட்டின சனம். இவன் முன்பக்கம் காட்டேக்கை கை தட்டினாங்கள், பொய் சொல்லக்கூடாது. ஒருத்தன் விசிலும் அடிச்சான்."

"பிறகு?" என்றா அம்மா.

"பிறகு திரும்பச் சொன்னாங்கள். திரும்பினான். எண்ணையிலை கண்ணைக் கூசுற வெளிச்சம். முதல் ஒருதரும் சிரிக்கேல்லை. கடைசி வாங்கிலை இருந்து ஒருத்தன், 'அண்ணை, மூட்டையை இறக்கிவைச்சிட்டு நில்லுங்கோ' எண்டான். அவ்வளவுதான். மண்டபம் இடிஞ்சு விழுந்துது."

"முதுகு அவ்வளவு மோசமோ?"

"முந்தி இருந்ததையும் பழுதாக்கிப்போட்டான். இடப்பக்கத்தை இழுக்கிறன் இழுக்கிறன் எண்டு தோளைத் தூக்கித் தூக்கி இழுத்திருக்கிறான். இடத்தோள் காதடிக்குப் போயிட்டுது. கழுத்தடியிலை ஒரு கட்டி. வலப்பக்கம் சரிஞ்சு கிடக்குது. பக்கத்திலை இருந்து தீர்ப்புச் சொல்லுறவர் லேஞ்சியாலை மூக்கைப் பொத்தினவர். நான் கண்டனான்."

"தவராசா?"

"'ஆரடா உனக்குப் பாத்தது?' எண்டு கேட்டான். 'மனிசி' எண்டான் இவன். 'மனிசிக்கென்ன கண் தெரியாதோ?' எண்டு கேட்டான் மற்றவன்."

ஐயா வாளியால் தலைக்கு வார்த்தார். "ரயிலிலை வரேக்கை ஒரு பெட்டியே எங்களுக்குத்தான். ஒருதரும் கிட்ட இருக்கேல்லை" என்றார்.

அடுத்தநாள் மத்தியானம். காற்று சுழன்றடித்துக்கொண்டிருந்தது. இராசேஸ்வரி வெறுங்குடத்தோடு படலையடிக்கு வர, யோகநாதன் மறித்துக்கொண்டு நின்றான். மேலில் சட்டையில்லை. பூசினது இன்னும் கழுவுப்படவில்லை. அதன்மேல் ரயில் புகையும் புழுதியும் அப்பிக் கறுப்புப் பிசினாய்க் கிடந்தது.

"சமன் சமன் எண்டு சொன்னியேடி."

"ஓம்."

"எங்கை சமன்? மாஸ்டர் ரண்டு கண்ணாடி பிடிச்சுக் காட்டினவர். நான் என்ரை கண்ணாலை பாத்தனான். கூனல் கிழவன்ரை முதுகு மாதிரிக் கிடக்குது. சனம் முழுக்கச் சிரிச்சுது. ஏன் சொல்லேல்லை?"

"நான் பாக்கேல்லை."

"என்ன?"

"கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்."

"பின்னாலை நிண்டு கண்ணை மூடிக்கொண்டோ? ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

அவனுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கை ஓங்கவில்லை, அதுவும் உண்மை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டு நின்றன. இடக்கை வலக்கையைவிட மேலே.

"புருசன்ரை உடம்பு உனக்கு அரியண்டமோ?"

"ஓம்" என்றாள் இராசேஸ்வரி.

வேலிக்கு இங்கால் அம்மா கிளுவைத் தடியை இறுக்கிப் பிடித்தா. அருவருக்குது என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்சாதியும் புருசனின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"முட்டை அரியண்டம். கொழுப்பு அரியண்டம். நாய் நக்கினது அரியண்டம். என்ரை கையை நான் எத்தினைதரம் சாம்பல் போட்டுத் தேச்சும் சோத்திலை மணக்குது. உங்கடை முதுகு உங்களுக்குத் தெரியாதுதான், அது பின்னாலை கிடக்குது. நான் முன்னாலைதானே திரிஞ்சனான். குடத்தோடை போனனான், புல்லோடை வந்தனான். நீங்கள் கண் திறந்துதானே இருந்தனீங்கள்? என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"உன்னிலை என்ன பாக்கக் கிடக்குது?"

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தாள். அவ்வளவு நாளும் குடத்தாலும் புல்லுக் கட்டாலும் மறைத்துத் திரிந்த இடம் வெளியானது. காற்று சேலையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்தது.

யோகநாதன் பார்த்தான். தவராசா அன்றைக்கு முற்றத்தில் அவனுடைய முதுகைப் பார்த்தமாதிரிப் பார்த்தான். ஒரு அடி கிட்ட வந்தான். அந்த நாற்றமும் அவனோடு கிட்ட வந்தது. இராசேஸ்வரி வாயைப் பொத்தினாள், முடியவில்லை. காலைமைச் சாப்பாடு முழுக்க அவனுடைய இரண்டு பாதத்திலும் கொட்டியது. இலையான் அவனுடைய முதுகைவிட்டுக் காலுக்கு இறங்கியது.

அவன் அசையவில்லை.

அம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "தம்பி! ஐஞ்சாம் மாசம் அவளுக்கு. உம்மடை கொம்மா இஞ்சை இருந்திருந்தால் எப்பவோ சொல்லியிருப்பா. போனமுறை மாதிரி இதையும் மண்ணிலை புதைக்கோணுமெண்டால், இந்தாரும், அந்தக் குடத்தை எடுத்து அவளின்ரை இடுப்பிலை வையும்!"

"அக்கா!" என்று இராசேஸ்வரி கத்தினாள். வாயால் சொல்லிவிட்டாவே என்ற பயம்.

"போகாது பிள்ளை. நீ போய்ப் படு."

அவள் தாவாரத்துத் திண்ணைக் குந்தில் இருந்துகொண்டு தலையைக் கப்புத் தூணோடு சாய்த்துக்கொண்டாள். யோகநாதன் குசினி வாசலுக்குப் போய் வாளியைப் பார்த்தான். தண்ணீர் இல்லை. மற்றக் குடத்தைச் சரித்துப் பார்த்தான். அதிலும் இல்லை. கால் கழுவ அந்த வீட்டில் ஒரு சிரட்டைத் தண்ணீர் இல்லை. அள்ளுகிறவள் குந்தில் இருந்தாள்.

வெறுங்குடத்தை நிமிர்த்தி வைத்தான். பிறகு கிடுகுமறைப்புக்குள் போனான். கட்டிகள் ஒவ்வொன்றாய் விழுகிற சத்தம் கேட்டது. வெளியில் வந்தபோது கையில் வெறும் அச்சு. அதன் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கயிற்றால் கட்டித் தோளுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, பாதத்தில் அதெல்லாம் காய, ஒழுங்கையால் நடந்தான். வழியில் யாரோ விசில் அடித்தார்கள்.

திரும்பி வந்தபோது கால் கழுவியிருந்தான், உடம்பும் கழுவியிருந்தான். தண்ணீர் இரண்டு பக்கமும் தளும்பி வழிந்தது. நல்ல மனிதன் ஆகிவிட்டான் என்று நான் எழுதமாட்டேன். படலைக்குள் வரும்போதுகூட நெஞ்சை முன்னால் தள்ளி, தோள்பட்டை இரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டுதான் வந்தான், சந்தியில் நின்றவர்கள் பார்க்கட்டும் என்று. கிடாரத்துக்குள் தண்ணீரை வார்த்துவிட்டு, வெறுந்தகரங்களோடு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பழக்கதோசம்தான், வாயில் வந்துவிட்டது.

"சமனோ?"

இராசேஸ்வரி கப்பிலிருந்து தலையை எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அந்த முதுகை ஆறுதலாகப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "இடத்தோள் ஏறிக் கிடக்குது. இன்னொருக்காத் தண்ணிக்குப் போயிட்டு வாங்கோ."